18 மாசம் இலவசமா 2 டிபி: வீட்டுப் படங்களை அதுல ஏத்தலாமா?

பழையமோடம் (சென்னை)

வணக்கம் மக்களே. அம்மா போன்ல தினமும் ஒரு அறிவிப்பு: சேமிப்பிடம் நிரம்பிடுச்சு. கூகுள் கொடுத்த 15 ஜிபி முடிஞ்சது. இந்தப் பக்கம் ஜியோ ஆப்பைத் திறந்தா, கூகுளோட ஏஐ, ஜெமினி ப்ரோ 18 மாசம் இலவசம், கூடவே கூகுள்ல 2 டிபி இடம்னு பேனர். 2025 அக்டோபர் 30 அன்னைக்கு அறிவிச்சாங்களே, 35,100 ரூபாய் மதிப்புன்னு, அதே ஆஃபர்தான். அம்மா நம்பரும் அன்லிமிடெட் 5ஜி பிளான்லதான் இருக்கு.

எங்க கல்யாணத்துல ஆரம்பிச்சு பொண்ணு ரெண்டாங்கிளாஸ் போற வரைக்கும் படம், வீடியோ எல்லாம் சேர்த்து 600 ஜிபிக்கு மேல இருக்கும். கொஞ்சம் கூகுள்ல, கொஞ்சம் ரெண்டு பழைய ஹார்டு டிஸ்க்ல, மிச்சம் மனைவி போன்ல. சும்மா கிடக்குற ராஸ்பெரி பை (உள்ளங்கை அளவு குட்டிக் கம்ப்யூட்டர்) ஒண்ணு இருக்கு. ஆபீஸ்ல கழிச்சுக்கட்டின மினி பிசியும் ஒண்ணு கைக்கு வரப்போகுது.

எல்லாத்தையும் அந்த 2 டிபில ஏத்திட்டு நிம்மதியா இருக்கலாமா, இல்ல வீட்டுலயே சர்வர் போட்டுடலாமா? "ரெண்டும் பண்ணுங்க"ன்னு சொல்ல வர்றவங்க, காசு யாரு கட்டுறதுன்னும் சேர்த்துச் சொல்லிடுங்க.

டாக்கர்தாசன் (பெங்களூரு)

இதுல யோசிக்க என்ன இருக்கு தல? இம்மிச். கூகுள் போட்டோஸ் மாதிரியே, ஆனா நம்ம வீட்டு சர்வர்ல ஓடுற இலவச மென்பொருள். 2025 அக்டோபர்ல 2.0 வந்து "ஸ்டேபிள்"னு அவங்களே சொல்லிட்டாங்க. முகம் கண்டுபிடிக்கும், மேப் காட்டும், "மஞ்சள் புடவை"ன்னு தேடினா எடுத்துக் கொடுக்கும். போன்ல இருந்து தானா ஏறிடும். அம்மாவுக்குக் கூகுள் போட்டோஸுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது.

ராஸ்பெரி பையைத் தொடாதீங்க, மினி பிசிதான் இதுக்குச் சரி. ராம் 8 ஜிபி இருந்தா தாராளம். வெளியூர்ல இருந்து பார்க்கணும்னா, போனையும் வீட்டு சர்வரையும் தனி வழியில இணைக்கிற டெயில்ஸ்கேல் ஆப் போட்டா முடிஞ்சது. நம்ம ஊர் ஃபைபர்ல பெரும்பாலும் தனி ஐபி (வெளியில இருந்து வீட்டைக் கண்டுபிடிக்கிற இணைய முகவரி) தர மாட்டாங்க, ரூட்டர்ல போர்ட் திறக்குறதெல்லாம் வீண் வேலை.

கொங்குபைட் (திருப்பூர்)

இலவசம்னு சொன்னா நாங்க மொதல்ல கணக்கு நோட்டைத்தானுங்க எடுப்போம்.

ஜியோ 2016 செப்டம்பர் 5-ல ஆரம்பிச்சப்ப டிசம்பர் வரைக்கும் எல்லாமே இலவசம்னாங்க. அப்புறம் புத்தாண்டு ஆஃபர்னு மார்ச் வரைக்கும் நீட்டினாங்க. அதுக்குள்ள நம்ம எல்லாருக்கும் நாள் பூரா டேட்டா இல்லாம இருக்க முடியாதுன்னு ஆயிப்போச்சு. நான் குறை சொல்லலீங்க, வியாபாரம்னா அப்படித்தான். இதுவும் அதே வழிதான்.

35,100-ஐ 18-ஆல வகுத்தா மாசம் 1,950. பத்தொம்பதாவது மாசம் அவ்வளவு நீங்க கட்டப்போறதில்லை. ஏஐ எதுவும் வேண்டாம், இடம் மட்டும் போதும்னு போனாலும் 2 டிபிக்கு மாசம் 650, அதாவது வருசத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம். அதையும் கட்டலைன்னா என்னாகும்னு படிச்சுப் பாருங்க. ஒதுக்கின இடத்தைத் தாண்டிட்டீங்கன்னா புதுசா படம் ஏறாது, அதோட ஜிமெயிலும் நின்னுரும், அனுப்பவும் முடியாது, வரவும் வராது. ரெண்டு வருசம் அப்படியே கிடந்தா இருக்கறதையும் அழிக்க அவங்களுக்கு உரிமை உண்டு. 600 ஜிபியை ஏத்தறது ஒரு வாரம்னா, 18 மாசம் கழிச்சு அது 800 ஆகியிருக்கும். அதை அவசரமா இறக்கி வைக்க எங்கீங்க எடம்?

இன்னொண்ணு. 349-க்கும் அதுக்கு மேலயும் இருக்கற பிளான்லயே தொடர்ந்து இருக்கணும். அம்மாவுக்கு அத்தனை டேட்டா தேவையாங்க?

அரைக்கிலோபைட் (மதுராந்தகம்)

சர்வர், கிளவுட்னு போறதுக்கு முன்னாடி, அந்த 15 ஜிபியைத் தின்னது எதுன்னு பாருங்க ப்ரோ. வாட்ஸ்அப் பேக்கப் முன்னாடி கணக்குல வராது. 2023 கடைசியில அறிவிச்சு, 2024-ல எல்லாருக்கும் அதையும் 15 ஜிபிக்குள்ள சேர்த்துட்டாங்க. நம்ம அம்மாக்களோட குரூப்ல வர்ற காலை வணக்கம், பிரதோஷ வீடியோ, சமையல் குறிப்பு எல்லாம் அங்கேதான் குடியிருக்கு. வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல சாட் பேக்கப் போய் வீடியோவைச் சேர்க்கிறதை ஆஃப் பண்ணுங்க. அப்புறம் வந்து பேசலாம்.

இன்னொரு எச்சரிக்கை: இடம் காலி பண்றேன்னு கூகுள் போட்டோஸ் ஆப்ல படத்தை அழிச்சா போன்ல இருந்தும் போகும், மேலே இருந்தும் போகும். நிறையப் பேர் அங்கேதான் அழுறாங்க.

நெல்லைநெட் (பாளையங்கோட்டை)

அண்ணாச்சி, நான் கொஞ்சம் பழைய ஆளு. எனக்கு இந்த "மேலே ஏத்திட்டா பத்திரம்"ங்கிற பேச்சே ஒத்து வராது. ஏன்னு சொல்லுதேன்.

தமிழ்ல இணையம்னு ஒண்ணு தொடங்கினப்ப பாதிப் பேரு பக்கம் வச்சது ஜியோசிட்டீஸ்ல. 2009 அக்டோபர்ல மூடிட்டான். மடலாடற் குழு எல்லாம் யாஹூ குரூப்ஸ். மரத்தடி மாதிரி குழுவுல எழுதிப் பழகித்தான் பல பேரு பின்னால வலைப்பதிவுக்கே வந்தாங்க. 2019 டிசம்பர்ல பழைய மடல், கோப்பு எல்லாத்தையும் எடுத்துட்டான், 2020 டிசம்பர்ல கடையையே சாத்திட்டான். வலைப்பதிவு படிக்க கூகுள் ரீடர் இருந்துச்சு, 2013 ஜூலை 1 அன்னைக்கு அதுவும் போச்சு. ஆர்குட் 2014 செப்டம்பர் 30. படம் வைக்க பிகாசா வெப் ஆல்பம், 2016. ஸ்கைப் 2025 மே மாசம். துபாய்ல இருந்த எங்க மச்சான் முகத்தை எங்க ஆச்சி முதல்ல பார்த்ததே அந்த ஸ்கைப்லதான்.

ஒண்ணு கவனிச்சீங்களா? ஒருத்தனும் திருடிட்டுப் போகல. எல்லாரும் முறைப்படி மெயில் அனுப்பி, தேதி குறிச்சு, "உங்க தரவை இறக்கிக்கிடுங்க"ன்னு சொல்லிட்டுத்தான் மூடினான். நாமதான் நாளைக்குப் பாத்துக்கிடலாம்னு இருந்தோம். அதுலயும் பாதிப் பேருக்கு அந்த மெயில் ஐடியே மறந்து போச்சு.

கூகுள் போட்டோஸ் நாளைக்கே மூடிருவான்னு நான் சொல்லல. ஆனா 2021 ஜூன் 1 வரைக்கும் கணக்கில்லாம இலவசம்னு சொன்னவன்தான அன்னையில இருந்து அளக்க ஆரம்பிச்சான்? சட்டத்தை மாத்துற உரிமை அவன்கிட்ட இருக்கு, அவ்வளவுதான் சொல்லுதேன்.

பழையமோடம்

@அரைக்கிலோபைட் நன்றி. அம்மா கணக்குல பார்த்தேன், பாதிக்கு மேல வாட்ஸ்அப்தான். வீடியோவை விட்டுட்டு மறுபடி பேக்கப் எடுத்ததும் மூச்சு விட இடம் வந்துடுச்சு. ஆக அம்மா பிரச்சினை ரூபாய் செலவில்லாம முடிஞ்சது. என் 600 ஜிபி அப்படியே நிக்குது.

@நெல்லைநெட் பிகாசாவை ஞாபகப்படுத்திட்டீங்களே அண்ணாச்சி.

தரைத்தளம் (வேளச்சேரி)

சர்வர் போடுங்கன்னு சொல்ற தம்பிகள் எல்லாம் மூணாவது மாடியில இருக்கீங்கன்னு நினைக்கிறேன். நாங்க 2015 வெள்ளத்துலயும் பார்த்தோம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் பார்த்தோம். முதல் தடவை தண்ணி உள்ளே வந்தப்ப ஃப்ரிட்ஜைத் தூக்குறதா, பீரோவைத் தூக்குறதான்னுதான் ஓடினோம். மேஜைக்கு அடியில பிளிங்க் ஆகிட்டு இருக்கற டப்பாவை யாரு நினைப்பா? கரண்ட் நாள் கணக்கா இல்ல. போன் சார்ஜ் போட மொட்டை மாடியில இன்வெர்ட்டர் இருக்கறவங்க வீட்டு வாசல்ல வரிசை.

ரெண்டு டிஸ்க் போட்டு ஒண்ணுல ஏத்தினது இன்னொண்ணுலயும் ஏறும்னு சொல்வீங்க. ரெண்டும் ஒரே டப்பாவுக்குள்ளதானே இருக்கு.

டாக்கர்தாசன்

சார் சொல்றது நியாயம். ரெண்டு டிஸ்க்லயும் ஒரே நேரத்துல எழுதுற ரெய்டு வேற, பேக்கப் வேற. இம்மிச்காரங்களே "எங்களை மட்டும் நம்பி இருக்காதீங்க"ன்னு அவங்க பக்கத்துல எழுதி வச்சிருக்காங்க. மூணு பிரதி, ரெண்டு வகை சாதனம், ஒண்ணு வேற இடத்துல. இது எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு, ஆனா யாரும் மூணாவதைப் பண்றதில்ல.

கரண்ட் பில் பத்திக் கேட்டு தனி மெசேஜ் வந்துச்சு, இங்கேயே சொல்லிடறேன். மினி பிசி சும்மா இருக்கறப்ப 10-லேருந்து 15 வாட் இழுக்கும். 12 வாட்னு வச்சா ரெண்டு மாச பில்லுல 17, 18 யூனிட் கூடும். நீங்க 300 யூனிட் வீடுன்னா தெரியவே தெரியாது. 490-ல நிக்கிற வீடுன்னா யோசிங்க. 500-ஐத் தாண்டினா கீழ இருக்கற யூனிட்டுக்கும் விலை ஏறிடும்.

மினி பிசி வாங்க இது நல்ல நேரம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சுது. இன்டெல் ஏழாம் தலைமுறையும் அதுக்கு முன்னாடி வந்ததும் பெரும்பாலும் விண்டோஸ் 11 பட்டியல்ல இல்ல. ஆபீஸ்களுக்கு அது குப்பை. லினக்ஸ் போட்டா நமக்கு அது இன்னும் பல வருஷம் உழைக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு நடை போயிட்டு வாங்க. எஸ்எஸ்டி மட்டும் புதுசா போடுங்க.

மதுரைக்காரி (மதுரை)

இந்த இழையை என் வீட்டுக்காரர்தான் அனுப்பி "படிச்சுப் பாரு, நான் சொன்னா கேக்க மாட்டே"ன்னார். படிச்சேன். அவரும் இங்கேதான் வேற பேர்ல உலாத்திக்கிட்டு இருக்கார், அதனால அவருக்கும் சேர்த்தே எழுதுறேன்.

எங்க வீட்டுல டிவில படம் வரணும்னா சர்வர் ஓடணும். ஹால் லைட்டுக்கு சுவரில சுவிட்ச் இருக்கு, ஆனா அதை அமுக்கக் கூடாது. அமுக்கினா பல்பு "ஆஃப்லைன்" ஆயிருமாம். என் மாமியார் அறுபது வருஷப் பழக்கத்துல போறப்ப வாறப்ப அமுக்கிருவாங்க. அப்புறம் அதை உசுப்பி விட இவர் போனை எடுத்துக்கிட்டு நிப்பார். சுவிட்சுக்கு மேல செலோடேப் ஒட்டி வச்சிருக்கோம். வர்ற விருந்தாளி எல்லாம் ஷாக் அடிக்கும்னு நினைச்சுக்கிறாங்க.

இவர் ஆபீஸ் வேலையா சிங்கப்பூர் போயிருந்த நேரம், விளம்பரத்தைத் தடுக்குதுன்னு ரூட்டர் பக்கத்துல வச்சிருந்த சின்ன டப்பா உசுரை விட்டுருச்சு. வைஃபை முழுசாக் காட்டுது, ஒண்ணும் திறக்க மாட்டேங்குது. பையனுக்கு அன்னைக்கு ஹால் டிக்கெட் இறக்கணும். நெட்காரனுக்குப் போன் போட்டா "எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு மேடம்"கிறான். அவன் சொன்னது உண்மைதான். இவர் அங்கே மீட்டிங்ல. பக்கத்து வீட்டு அக்காகிட்ட பாஸ்வேர்டு வாங்கி இறக்கினோம்.

சர்வர் வேண்டாங்கலை. நீங்க இல்லாத அன்னைக்கு அதை யாரு பார்ப்பா? ஊருக்குப் போறதை மட்டும் சொல்லலை. எங்க சித்தப்பா திடீர்னு தவறிட்டார். இன்சூரன்ஸ், கரண்ட் பில், பேங்க் எல்லாம் அவர் மெயில்லதான் வரும். சித்தி அவர் போனைத் திறக்கப் பிறந்தநாள், கல்யாண நாள், வண்டி நம்பர்னு போட்டுப் போட்டுப் பார்த்து அது பூட்டிக்கிச்சு. காரியத்துக்கு வைக்க ஒரு நல்ல படம் வேணும்னு உறவுக்காரங்க வாட்ஸ்அப்ல தேடினோம். கிடைச்ச படத்துல அவர் யாரோ ஒருத்தர் கல்யாணத்துல சாப்பிட்டுக்கிட்டு இருக்கார். அதைத்தான் வெட்டி எடுத்துப் பெருசு பண்ணோம். அவர் போன்ல எவ்வளவோ படம் இருந்திருக்கும்.

இதுக்கு உங்க இம்மிச் என்ன சொல்லுது?

டாக்கர்தாசன்

அக்கா, இம்மிச் ஒண்ணும் சொல்லலை. நானும் தண்ணி குடிச்சிட்டு வர்றேன்.

அரைக்கிலோபைட்

மதுரை அக்கா கேட்டதுக்கு ஓரளவு வழி இருக்கு. நம்ம ஆளுங்க யாரும் அந்தப் பக்கம் போறதில்ல.

கூகுள்ல இன்னாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்னு ஒண்ணு 2013-லேருந்தே இருக்கு. நீங்க 3, 6, 12, 18 மாசம், இதுல எது வேணுமோ வைக்கலாம். அவ்வளவு காலம் உங்க கணக்குல அசைவே இல்லைன்னா, முன்னாடியே உங்களுக்கு எச்சரிக்கை அனுப்பிட்டு, நீங்க குறிச்ச ஆளுக்கு நீங்க சொன்ன தரவை மட்டும் இறக்கிக்கக் கொடுக்கும். பத்து பேர் வரை குறிக்கலாம். இது வைக்காம விட்டா? ரெண்டு வருஷம் யாரும் தொடாத தனிநபர் கணக்கை அழிக்கலாம்னு 2023 டிசம்பர்லேருந்து நடைமுறைக்கு வந்தாச்சு.

ஐபோன்காரங்களுக்கு, நமக்கு அப்புறம் நம்ம தரவை எடுக்க ஒரு ஆளைக் குறிக்கிற லெகசி கான்டாக்ட், ஐஓஎஸ் 15.2-ல வந்தது. அதுக்கு நீங்க முன்கூட்டியே கொடுத்து வச்ச சாவியும் வேணும், இறப்புச் சான்றிதழும் வேணும்.

மூணு மாசம் காத்திருக்கணும்ங்கிறது காரியத்துப் படத்துக்கு உதவாது, அது தெரியும். போனோட பின் நம்பரை வீட்டுல ஒருத்தருக்குச் சொல்லி வைக்கிறதுக்கு எந்த ஆப்பும் வேண்டாம்.

ஸ்கார்பரோவாசி (ரொறன்ரோ)

எல்லாரும் கிளவுட்டோ சேர்வரோ எண்டு பிடுங்குப்படுறியள். மேல தரைத்தளம் ஐயா சொன்னதுதான் எனக்கு முக்கியமாப் படுது.

95ஆம் ஆண்டு ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்தில இருந்து சனம் முழுக்க வெளிக்கிட்ட அண்டைக்கு, அம்மா கையில தூக்கினது காணி உறுதியும் அடையாள அட்டையளும்தான். அல்பங்கள் அலுமாரிக்குள்ள. பேந்து திரும்பிப் போகேக்க வீடு இருந்தது, அலுமாரி இல்லை. இண்டைக்கு எங்களிட்ட இருக்கிற அம்மம்மாவின்ர படம், அப்பாவின்ர கலியாணப் படம் எல்லாம் அம்மா முந்தி லண்டனில இருக்கிற மாமாவுக்குத் தபாலில அனுப்பின பிரதியள். அவர் பத்திரமா வச்சிருந்தார். ஒருத்தரும் அப்ப அதைப் பேக்கப் எண்டு நினைச்சு அனுப்பேல்லை, பாக்கட்டும் எண்டுதான் அனுப்பினது.

எங்கட பக்கத்தில நூலகம் நிறுவனம் 2005இல இருந்து புத்தகம், பத்திரிகை எல்லாத்தையும் எண்ணிமப்படுத்தி இணையத்தில போடுறதும் இதே பயத்திலதான். யாழ் நூலகம் எரிஞ்சது 81இல.

இப்ப நான் செய்யிறது: இஞ்ச வீட்டில ஒரு டிஸ்க், யாழ்ப்பாணத்தில தம்பியிட்ட ஒண்டு, லண்டனில மாமாவின்ர மகளிட்ட ஒண்டு. சிங்திங் எண்ட மென்பொருள் மூண்டையும் ஒத்துப் பாத்துக்கொள்ளும். ஆனா ஒரு இடத்தில அழிச்சா மற்ற இடத்திலயும் அழியும், அதால லண்டன் டிஸ்கில அழிச்ச கோப்பையும் வச்சிருக்கச் சொல்லி விட்டிருக்கு. மாதச் சந்தா ஒண்டும் இல்லை. மாமாவின்ர மகளுக்குக் கொம்பியூட்டர் பற்றி ஒண்டும் தெரியாது, பிளக்கைக் கழட்டாதேங்கோ எண்டு மட்டும் சொல்லி இருக்கிறன்.

கொங்குபைட்

இது நல்லா இருக்குங்க. சொந்தக்காரங்க வீட்டுல ஒரு டிஸ்க்கு. கரண்டு அவங்க செலவு.

சும்மா ஒரு தகவலுக்கு: முதல் கூகுள் பிக்சல் போன், 2016-ல வந்ததே, அதுல இருந்து ஏத்துற படம் இன்னைக்கும் முழுத் தரத்துல கணக்கில்லாம இலவசம். அதுக்காகவே பழைய போனைத் தேடிப் புடிச்சு, எல்லாப் படத்தையும் அதுக்கு அனுப்பி அங்கிருந்து ஏத்தறவங்க இருக்காங்க. பேட்டரி உப்பிப் போன போனை ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டு வைக்கணும்ங்கிறதால நான் பண்ணலீங்க.

நெல்லைநெட்

ஸ்கார்பரோவாசி அவுக அம்மாவைப் பத்தி எழுதினதைப் படிச்சிட்டு எங்க ஆச்சி ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். செல்லரிக்காம இருக்கு. நாளைக்கே ஸ்கேன் பண்ணப் போறேன்.

பழையமோடம்

எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு என் முடிவு.

ஜியோ ஆஃபரை எடுக்கறேன், ஆனா வெளியில இருக்கற தற்காலிகப் பிரதியா மட்டும். அதுல இருக்கற எதுவும் அங்கே மட்டும் இருக்காது. பதினஞ்சாவது மாசத்துக்கு இப்பவே காலண்டர்ல குறிப்பு போட்டாச்சு. மினி பிசில இம்மிச், இன்வெர்ட்டர் லைன்ல, தரையில இருந்து மூணு அடி உயரத்துல. இன்னொரு டிஸ்க் திருச்சியில தங்கச்சி வீட்டுக்குப் போகுது. தங்கச்சி ஒரு நிபந்தனை போட்டா: அவளோட படங்களுக்கும் அதுல இடம் வேணும். கொங்கு அண்ணே, கரண்ட் கணக்கு அதுல நேராயிடுச்சு.

மதுரை அக்கா கேள்விதான் கஷ்டமா இருந்துச்சு. என் மனைவிகிட்ட இதைக் காட்டினேன். "சர்வரை நான் பார்க்க மாட்டேன், அது நின்னா நிக்கட்டும், படம் என்கிட்ட இருக்கணும்"னா. அதனால திருச்சி டிஸ்க்ல எந்தப் பூட்டும் இல்ல, சாதாரண ஃபோல்டர், வருஷம் மாசம்னு பேர் போட்டு. லேப்டாப்ல சொருகினா யார் வேணும்னாலும் பார்க்கலாம். பாதுகாப்பு ஆர்வலர்கள் திட்டுவீங்க, தெரியும். பாஸ்வேர்டு எல்லாம் ஒரு தாள்ல எழுதி, எல்ஐசி பத்திரம் இருக்கற ஃபைல்ல வச்சாச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை பொண்ணு பிறந்தநாளுக்கு அவ தேர்ந்தெடுக்கற படங்களை ஸ்டுடியோவுல பிரிண்ட் போட்டு ஆல்பத்துல ஒட்டறதும் என் மனைவி பொறுப்பாம்.

மதுரைக்காரி

உங்க வீட்டம்மாவுக்கு என் வணக்கம். எங்க வீட்டுல இன்னைக்கு ஹால் பல்பு மட்டும் சாதா பல்பா மாறிருச்சு. மிச்சம் பேச்சுவார்த்தையில இருக்கு.

புதுசுபுதுசா (தஞ்சாவூர்)

நல்ல இழை. நான் கூகுள்ல இருந்து எல்லாத்தையும் இறக்கணும்னு டேக்அவுட் (நம்ம தரவை மொத்தமா இறக்க கூகுளே தர்ற வசதி) போட்டேன். நிறைய ஜிப் வந்திருக்கு. உள்ளே ஒவ்வொரு படத்துக்கும் கூடவே ஜேசன்னு ஒரு குட்டிக் கோப்பு. அதை அழிச்சிடலாமா?

டாக்கர்தாசன்

அழிக்கவே அழிக்காதீங்க. கூகுள்ல நீங்க திருத்தின தேதி, இடம், எழுதின குறிப்பு எல்லாம் அந்தக் குட்டிக் கோப்புலதான் இருக்கு. அது போச்சுன்னா, படத்துக்குள்ளயே தேதி பதியாத 2009 கல்யாணப் படம் எல்லாம் நேத்து எடுத்ததா வந்து நிக்கும். ஜிப்பை நீங்க பிரிக்கவும் வேண்டாம். இம்மிச்-கோன்னு ஒரு கருவி இருக்கு, ஜிப்பை அப்படியே கொடுத்தா ரெண்டையும் சேர்த்துப் படிச்சுக்கும். டவுன்லோடு லிங்க் ஒரு வாரத்துல காலாவதி ஆயிடும், அதனால முதல்ல இறக்கி முடிங்க. நெட் அடிக்கடி போற இடம்னா 50 ஜிபி துண்டு கேக்காதீங்க, 10 ஜிபியா கேளுங்க.

கொங்குபைட்

தாசன் தம்பி, அந்த மினி பிசி ரெண்டா எடுத்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல விலை குறைப்பாங்களா? திருப்பூருக்கும் ஒண்ணு வேணுமுங்க. பில்லோட.